அடக்கவிலை தெரிந்தால் போதுமா?

என் மாமா பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்கிறார். தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, மருந்தடித்து, காவல் போட்டு, பறித்துப் பெட்டியில் அடுக்கி வடக்கே அனுப்புகிறவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவர் வாயில் வரும் முதல் கேள்வி, "இதற்கு அடக்கம் என்ன?" என்பதுதான். அவர் புதுக் கார் வாங்கக் கிளம்பியபோது, மிச்சிகனில் இருக்கும் என் சித்தப்பா மகன் தொலைபேசியில் ஒரு யோசனை சொல்லிவைத்தான். "ஷோரூமில் சொல்லும் விலையைப் பார்க்காதீர்கள். கம்பெனி டீலருக்குப் போட்ட இன்வாய்ஸ் விலையைக் கேளுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் லாபம் வைத்துக் கொடுத்தால் போதும்."

மாமாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. நேரே என்னிடம் வந்தார். "அம்மிணி, நீ ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவள்தானே. டீலரின் அடக்கவிலையை எனக்கு எடுத்துக் கொடு."

பாலக்காட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பது உண்மை. ஆனால் அடுத்தவர் கணக்கைத் திறந்து காட்டினால் நாளை என்னை யாரும் வாசலில்கூட விடமாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணம், அந்த எண் கையில் கிடைத்தாலும் மாமாவுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரைச் சமாதானப்படுத்த நான் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய.

முதலில் சித்தப்பா மகன் இருக்கும் ஊர்க் கதை. அமெரிக்காவில் 1958இல் ஒரு சட்டம் வந்தது. ஓக்லஹோமாவைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்தது. புதுக் கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை, கூடுதல் வசதிகளின் விலை, காரை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் செலவு எல்லாம் அச்சிட்டு ஒட்டியிருக்க வேண்டும். வாங்குபவர் கைக்குப் போகும்வரை டீலர் அதைக் கிழிக்கக் கூடாது. இன்றும் அந்தச் சீட்டுக்கு மன்ரோனியின் பெயர்தான். வாங்குபவர் பேரத்தைத் தொடங்கும் மேல்விலை இப்படி ஊரறிந்ததாகிவிட்டது. 1966இல் எட்மண்ட்ஸ் என்ற வெளியீடு கையேடுகளாக வரத் தொடங்கி, நாளடைவில் டீலரின் வாங்கும் விலையும் அச்சில் வந்தது. அங்கே இன்வாய்ஸ் விலை இன்று யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், எல்லோருக்கும் தெரிந்த பிறகு அந்த எண்ணுக்கு இருந்த பொருள் போய்விட்டது. கார் விற்றதும் கம்பெனி டீலருக்கு ஒரு பங்கைத் திருப்பித் தரும். அதை அங்கே ஹோல்ட்பேக் என்கிறார்கள். பெரும்பாலும் விலையில் இரண்டு, மூன்று சதவீதம். முப்பதாயிரம் டாலர் காரில் மூன்று சதவீதம் என்றால் தொள்ளாயிரம் டாலர். இந்தத் தொகை இன்வாய்ஸுக்குள்ளேயே ஏற்றிவைத்துப் பின்னால் திரும்பி வருவது. ஆகவே "இன்வாய்ஸ் விலைக்கே கொடுத்துவிட்டேன், எனக்கு ஒரு காசு மிஞ்சவில்லை" என்று டீலர் கையை விரிக்கும்போதும் அவர் பையில் தொள்ளாயிரம் இருக்கும். ஓடாத மாடலுக்குக் கம்பெனி டீலருக்கு மட்டும் கொடுக்கும் ஊக்கத்தொகை வேறு. கையிருப்புக் கார்களுக்கான கடனின் வட்டியிலும் சில கம்பெனிகள் கை கொடுக்கின்றன. இன்வாய்ஸ் என்ற தாளில் இவை எதுவும் தெரியாது. இவ்வளவையும் சித்தப்பா மகன் மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமா அன்றே டிக்கெட் எடுத்திருப்பார்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கண்ணாடியில் ஒட்டும் சீட்டும் கிடையாது, டீலர் விலையை அச்சிடும் கையேடும் கிடையாது. டீலருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் அவர்களுக்குள் பூட்டிவைத்த சமாச்சாரம். நமக்குத் தெரிவது எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ஜி.எஸ்.டி. சேர்ந்து, சாலை வரியும் பதிவும் காப்பீடும் சேராத விலை ஒன்றுதான். அதைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை என்பதால் பிரித்தே காட்டுகிறேன்.

எட்டு லட்ச ரூபாய் சிறிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி ஒரு சதவீதமும் இருந்தன. எட்டு லட்சத்தை 1.18ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 6,77,966 ரூபாய். மீதி 1,22,034 அரசுக்கு. இந்த 6,77,966இல் டீலரின் பங்கு ஐந்து சதவீதம் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் இது மாறும். ஐந்து சதவீதம் என்றால் ஏறக்குறைய 33,900 ரூபாய். ஷோரூம் வாடகை, விற்பனைப் பையன்களின் சம்பளம், டெஸ்ட் டிரைவுக்கு நிற்கும் காரின் டீசல், வாசலில் கட்டும் தோரணம் எல்லாம் இதிலிருந்துதான்.

இப்போது நீங்கள் போய் "நாற்பதாயிரம் குறைத்துக்கொடுங்கள்" என்கிறீர்கள். இன்வாய்ஸிலேயே நாற்பதாயிரத்தைக் குறைத்தால் அதில் வரிப் பகுதி 6,102 ரூபாய். டீலரின் கையைக் கடிப்பது 33,898. அதாவது அவருடைய மொத்த லாபமும் அந்த ஒரே பேச்சில் தீர்ந்தது. அப்படியிருந்தும் பத்திரிகை விளம்பரத்தில் ஐம்பதாயிரம் தள்ளுபடி என்று போடுகிறார்களே, எப்படி? அந்தப் பணத்தில் பெரும் பங்கு கம்பெனியுடையது. கன்ஸ்யூமர் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி என்று மாதாமாதம் கம்பெனியிலிருந்து ஒரு பட்டியல் வரும். அந்த மாத இலக்கைத் தாண்டினால் ஒவ்வொரு காருக்கும் டீலருக்கு ஊக்கத்தொகை. இலக்குக்கு இரண்டு கார் குறைவாக நிற்கும் டீலர், மாதக் கடைசி நாளில் நஷ்டத்துக்கும் கார் கொடுப்பார். அந்த இரண்டு கார்களின் நஷ்டத்தை, விற்றுவிட்ட மற்ற எல்லாக் கார்களுக்கும் வரப்போகும் ஊக்கத்தொகை ஈடுகட்டிவிடும். அந்தக் கடைசி நாளில் உங்கள் பேச்சுத் திறமையைவிட அவருடைய இலக்கு எவ்வளவு பாக்கி என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

டீலர் தன் பையிலிருந்து கூடுதலாகக் கொடுக்க விரும்பினாலும் விடாத கம்பெனிகள் உண்டு என்பது ஊகம் இல்லை. 2021 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டீலர்கள் தரும் தள்ளுபடிக்குக் கம்பெனி உச்சவரம்பு வைத்தது, மீறிய டீலர்களுக்கு அபராதம் போட்டது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பி வேவு பார்த்தது என்றெல்லாம் ஆணையம் தன் உத்தரவில் சொன்னது. கம்பெனி அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கின் போக்கு எப்படியும் இருக்கட்டும். உங்களிடம் நயமாகப் பேசி, "மொபைலை அணைத்துவிடுங்கள், ஒரு விலை சொல்கிறேன்" என்று மேலாளர் ஏன் கேட்கிறார் என்பது எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் விளங்கியது.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு மயக்கம் உண்டு. மாநில எல்லையான வாளையாறு தாண்டினால் மலிவு, இல்லையென்றால் வாளையாறுக்கு இந்தப் பக்கம் மலிவு. இதில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் போட்ட ஒரு சதவீத வெள்ள செஸ் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை நடைமுறையில் இருந்தது. ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி கேரளத்தில் 11 சதவீதம், தமிழகத்தில் 10 சதவீதம் என்று இருந்த நாட்களும் உண்டு. 2023இல் கேரளம் பட்ஜெட்டில் இரண்டு சதவீதம் ஏற்றியது. அதே ஆண்டு நவம்பரில் தமிழகமும் ஏற்றியது. இப்போது அந்த விலைக்குள் இரு பக்கமும் 13 சதவீதம்தான். எட்டு லட்சத்துக்கு 1,04,000 ரூபாய். எந்தப் பக்கம் கட்டினாலும் கட்டத்தான் வேண்டும்.

இருந்தும் பொள்ளாச்சியில் இருக்கும் பெரியம்மா வீட்டு விலாசத்தில் டி.என். 41 என்று தமிழகப் பதிவு எண் போட்டுக்கொண்டு, கே.எல். 70 எண்ணுக்குரிய எங்கள் ஊரில் வண்டியை ஓட்டுகிறவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். 2017இல் புதுச்சேரிப் பதிவு எண்ணுடன் கேரளத்தில் ஓடிய சொகுசுக் கார்கள் சினிமாக்காரர்களையும் அரசியல்வாதிகளையும் வழக்கு வரை இழுத்தது ஊருக்கே தெரியும். நம் எட்டு லட்சம் காருக்கு அந்தத் தலைவலி தேவையா? கோயம்புத்தூரில் வாங்கித் தற்காலிகப் பதிவில் ஓட்டிவந்து பாலக்காட்டுச் சித்தூரில் பதிவு செய்வது முறையான வழி. கோவை கொட்டேஷனைப் பாலக்காட்டு மேசையில் வைப்பது அதைவிடச் சுலபம். மாமா செய்தது இரண்டாவது.

ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. கேரளத்தில் டீலர் தள்ளுபடி கொடுத்து இன்வாய்ஸ் தொகை குறைந்தாலும் சாலை வரி குறையாது. வரிச் சட்டத்தில் வாங்கும் மதிப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, டீலர் கொடுத்த தள்ளுபடியைக் கழிக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாற்பதாயிரம் குறைந்ததால் சாலை வரியில் ஐயாயிரம் மிச்சம் என்று மனக்கணக்குப் போட வேண்டாம்.

பாலக்காட்டுப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாக இருக்கும் ஷோரூம்களில் ஒன்றுக்கு மாமாவோடு போனேன். பேச வந்த தம்பி எல்லையோர வேலந்தாவளத்துக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார். மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். "தம்பி, உங்களுக்குக் கம்பெனி போட்ட விலை என்ன?"

அவர் சிரித்தார். "சார், அது எனக்கே தெரியாது. எங்கள் மேனேஜருக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார்."

"பரவாயில்லை. ஆன் ரோடு விலையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள்" என்றேன் நான். வண்டியைச் சாலையில் இறக்கும்வரை ஆகும் மொத்த விலை அது. எழுத்தில் கேட்டவுடன் அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அந்தத் தாளைத்தான் நாங்கள் வாங்கி மேசையில் விரித்தோம். மேலே எக்ஸ் ஷோரூம் எட்டு லட்சம். கீழே சாலை வரி, பதிவுச் செலவு, காப்பீடு, ஃபாஸ்டேக், எசென்ஷியல் கிட், ஹேண்ட்லிங் சார்ஜ், எக்ஸ்டெண்டட் வாரண்டி. மேலே இருக்கும் விலையில் டீலருக்கு இருப்பது அந்த ஐந்து சதவீதம் மட்டும். அவருடைய பிழைப்பு கீழே இருக்கும் சின்னச் சின்ன இனங்களில் ஓடுகிறது. மாங்காய் மண்டியில் கிலோ விலையில் விட்டுக்கொடுத்துவிட்டுக் கழிவு, இறக்குகூலி, பெட்டிப் பணம் என்று பிடித்துக்கொள்வார்களே, அதே கணக்கு. இதை மாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தாளைப் பார்த்த மாத்திரத்தில் பேனாவை எடுத்துவிட்டார்.

காப்பீடு 51,000 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். இதில் மூன்றாம் தரப்புக் காப்பீடு அரசு நிர்ணயித்த தொகை. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் வந்தது. 1000 முதல் 1500 சி.சி. வரை 10,640 ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்கள். அதன் மேல் 18 சதவீத வரி. இந்தப் பகுதியில் யாராலும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. மீதியெல்லாம் நம் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும், கூடவே ஒட்டவைத்த கூடுதல் பாதுகாப்புகளும். தள்ளுபடி இருப்பது இங்கேதான், டீலரின் கமிஷன் இருப்பதும் இங்கேதான். அதே காப்பீட்டு மதிப்பு, அதே தேய்மானமில்லாப் பாதுகாப்பு, எஞ்சின் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நான் வெளியே வாங்கிய விலை 37,000. காப்பீடு எங்கே எடுப்பது என்பது வாங்குபவர் உரிமை.

"வெளியே எடுத்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்றார் அந்தத் தம்பி. பழுது பார்த்த பணத்தை நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டுவதுதான் கேஷ்லெஸ். எந்த ஒர்க்‌ஷாப்போடு காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிப்பது. நான் அந்த நிறுவனத்தின் பட்டியலைத் திறந்து, இதே ஒர்க்‌ஷாப்பின் பெயரைக் காட்டினேன். மேலாளர் அறைக்குப் போய்த் திரும்பியவர், "39,000க்கு நாங்களே தருகிறோம்" என்றார். பன்னிரண்டாயிரம் இறங்கியது. டீலருக்கும் கமிஷன் மிஞ்சியது. சண்டை எதற்கு என்று ஒப்புக்கொண்டோம்.

ஹேண்ட்லிங் சார்ஜை மாமா பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "கம்பெனி கிடங்கிலிருந்து இங்கே கொண்டுவர ஆகும் செலவு விலையிலேயே இருக்கிறது. உள்ளேயிருந்து வாசலுக்கு உருட்டுவதற்கு ஒன்பதாயிரமா?" அதற்குச் சட்டத்தில் ஆதாரம் கேட்டால் யாரும் காட்டமாட்டார்கள். எசென்ஷியல் கிட் என்பது மிதியடி, மட்கார்டு, ஒரு துணி உறை. வேண்டாம் என்றால் நீக்கிவிடலாம். டீலர்கள் ரொக்கமாகக் குறைப்பதைவிட "இருபதாயிரத்துக்கு அக்சசரீஸ் இலவசம்" என்று சொல்லவே விரும்புவார்கள். இருபதாயிரம் என்பது அட்டையில் அச்சிட்ட விலை, அவர்களுக்கு அடக்கம் அதைவிட மிகக் குறைவு. இலவசம் கொடுத்தால் ரொக்கமாகத் தரச் சொல்லுங்கள். பாதியாவது வரும். கடனுக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டீலர் காட்டும் வங்கியிலிருந்து டீலருக்கும் ஒரு தொகை போகிறது. அரை சதவீத வட்டி வித்தியாசத்தில் அதை நீங்கள் ஐந்து வருடம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாமா கடன் வாங்கியது முதலமடைக் கூட்டுறவு வங்கியில், எனவே அந்தப் பேச்சு எங்களுக்கு வரவில்லை.

எப்போது போவது என்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனிச் சௌகரியம் இருக்கிறது. தமிழர்களுக்கு ஆடி ஆகாது, மலையாளிகளுக்குக் கர்க்கடகம் ஆகாது. இரண்டும் ஒரே மாதம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஷோரூமில் ஈயாடும். ஆனால் ஓணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் வேண்டிய கார்களைக் கம்பெனி அதற்குள் அனுப்பிக் கிடங்கை நிறைத்துவிடும். எட்டு லட்சம் காருக்கு டீலர் கம்பெனிக்கு வரியோடு கட்டுவது ஏறக்குறைய 7,60,000. அது வங்கிக் கடன். ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்றால் ஒரு கார் ஒரு மாதம் நின்றால் 6,300 ரூபாய் போகிறது. மூன்று மாதம் நின்ற காரில் டீலரின் 33,900 ரூபாய் லாபத்தில் பாதிக்கு மேல் காலி. அந்தக் காரைத்தான் அவர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார், அதற்குத்தான் நல்ல விலையும் கொடுப்பார். வாங்குங்கள், ஆனால் 21ஆம் எண் படிவத்தில், அதாவது விற்பனைச் சான்றிதழில், உற்பத்தி மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும். முன்பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேளுங்கள். டிசம்பர் கடைசியில் மார்கழியும் ஆண்டு முடிவும் சேர்ந்து வரும். அப்போது இன்னும் நன்றாகக் குறைப்பார்கள். பத்து நாளில் அது போன வருடத்துக் கார் ஆகிவிடும் என்பதற்கான விலைதான் அந்தத் தள்ளுபடி. பத்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு லாபம், நாலு வருடத்தில் மாற்றுகிறவருக்கு இல்லை. மாமாவுக்கு நல்ல நேரம் பார்க்கும் வழக்கம் உண்டு என்றாலும், "முன்பணத்தை ஆடியில் கொடு, வண்டியை ஆவணியில் எடு" என்று அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். டீலருக்கு வட்டி ஓடத்தான் செய்தது. ஆனால் விலை எழுதிக் கையெழுத்தாகிவிட்டது.

வண்டி வந்தபின் பார்க்க வேண்டிய ஒரு தாள் இருக்கிறது. பதிவுச் செலவு என்று டீலர் சாலை வரி நீங்கலாக 8,500 வாங்கியிருந்தார். காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், வங்கிக் கடன் இருப்பதைப் பதிவில் குறிக்க 1,500, பதிவு அட்டைக்கு 200. சேவைக் கட்டணம், தபால், சில்லறை செஸ் எல்லாம் சேர்த்தாலும் நாலாயிரத்தைத் தொடாது. அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு ரசீதை எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். மீதி ஏஜென்டுக்குக் கொடுத்தது என்றார். ரசீது கேட்டோம். இரண்டு நாளில் மூவாயிரம் மாமாவின் கணக்குக்கு வந்தது. மிச்சத்துக்கு ஈடாக இரண்டு முறை இலவச வாட்டர் வாஷ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தோப்புக்குள் ஓடும் வண்டி, ஒருமுறை கழுவவே அரை நாள் ஆகும் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது.